வெற்றிகரமாக ஒத்திவைக்கப்பட்ட பலூன்

கல்முனைக் கடைத்தெருவில் சாரன், கைலித் துணிக் கடை வைத்திருந்த முகைதீன்பாவாவுக்கு அரசாங்கத்தின் மேல் அப்படியொரு மரியாதை. தபால்காரர் படியேறினால் கதிரையை விட்டு எழும்பி நிற்பார். அரசாங்க பஸ் அவர்மேல் புழுதியை அடித்துவிட்டுப் போனால் உடனே தட்டமாட்டார். பஸ் வளைவில் மறைந்த பிறகுதான் தட்டுவார். அதன் மனம் நோகக்கூடாது என்பது அவருடைய எண்ணம்.

இப்படிப்பட்டவர் தன் ஒரே மகள் ஸுல்பிகாவை ஓர் உத்தியோகத்தனுக்குத்தான் கொடுப்பேன் என்று நின்றதில் புதுமை ஒன்றும் இல்லை. சாய்ந்தமருதில் தோணியும் வலையும் வைத்திருந்த குடும்பம் கேட்டு வந்தது. கடல் எப்ப என்ன செய்யும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மருதமுனையில் தறி வைத்திருந்தவர்கள் வந்தார்கள். நூல் விலை எப்ப என்ன செய்யும் என்றார். பென்சன் ஒன்றுதான் எப்போது என்ன செய்யும் என்று அவருக்குத் திட்டமாகத் தெரிந்திருந்தது.

கிழக்குக் கரையைப் பெருஞ்சூறாவளி அடித்து இரண்டு வருடம் ஆகப்போகிற நேரத்தில், அக்கரைப்பற்றில் இருந்து றாபியா என்ற கைம்பெண் தன் மகன் காலிதீனுக்குப் பேச்சனுப்பினாள். பொடியன் எழுதுவினைஞன். வேலை செய்த இடத்தின் பெயர் 'கீழ்க்கரை வான்வெளி உல்லாச அபிவிருத்தி அதிகார சபை'. பெயர்ப்பலகைக்குக் கந்தோரின் சுவர் போதாமல், 'சபை' என்ற சொல் மட்டும் பக்கத்துச் சலூன்காரரின் சுவரில் போய் நின்றது.

"அது என்ன செய்யிற கந்தோர்?" என்று கேட்டாள் முகைதீன்பாவாவின் மனைவி மைமூனா.

"கந்தோர் எண்டா கந்தோர்தான். என்ன செஞ்சா நமக்கென்ன?" என்றார் முகைதீன்பாவா.

றாபியாவின் செய்தியில் இன்னொன்றும் இருந்தது. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு சாகாமத்துக் குளத்தடியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பலூன் விழா. ஆள் ஏறிப் பறக்கிற பலூன், வெள்ளைக்காரர் ஒருவர் கொண்டு வருகிறார். எல்லாவற்றையும் தன் மகன்தான் முன்னுக்கு நின்று நடத்துகிறான். "வந்து அவரட மதிப்ப ஒங்கட கண்ணால பாருங்க. பொறகு கதைப்பம்" என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

சனிக்கிழமை விடிகாலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டார்கள். றஸாக் என்பவர் புதிதாக இறக்கிய ஜப்பான் வேனை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சீற்றில் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையை அவர் இன்னும் கழற்றவில்லை. அதனால் ஒவ்வொரு குழியிலும் எல்லாரும் ஒன்றாக வழுக்கி ஒரு பக்கம் போய், அடுத்த குழியில் திரும்பி வந்தார்கள். நெய்ச்சோற்றுப் பானை மைமூனாவின் மடியில். இறைச்சிக்கறி ஸுல்பிகாவின் மடியில். அக்கரைப்பற்றில் றாபியாவும் தன் பங்குக்கு தொதல் இனிப்பு ஒரு தட்டோடு ஏறிக்கொண்டாள்.

சாகாமத்து வெளியில் முள்ளுக்கம்பி வேலி போட்டு, வாசலில் உதவிப் பணிப்பாளர் அழகரெத்தினம் கழுத்துப்பட்டியோடு நின்றார். கையில் ஒலிபெருக்கிக் குழல். பக்கத்தில் நிற்பவரோடும் அதன் வழியாகவே பேசினார்.

"பாஸ் இருக்கா முதலாளி?"

"இல்ல சேர். எங்க எடுக்கணும்?"

"உள்ளுக்கு, அந்தக் கொட்டிலில."

"அப்ப உள்ளுக்கு விடுங்க சேர். எடுத்துட்டு வாறன்."

"பாஸ் இல்லாம எப்பிடி உள்ளுக்கு விடுற?"

முகைதீன்பாவா யோசித்துப் பார்த்தார். அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. பின்னாலிருந்து றாபியா தலையை நீட்டினாள். "நான் காலிதீன்ட உம்மா."

"ஆ, ஊழியர் குடும்பமா?" அழகரெத்தினம் குழலை இறக்கினார். "அப்ப உங்களுக்குப் பாஸ் தேவையில்ல. பாஸ் தேவையில்ல எண்டதுக்கு மட்டும் ஒரு பாஸ் எடுத்தாப் போதும். உள்ளுக்கு, அந்தக் கொட்டிலில."

கடைசியில் பொதுமக்கள் பகுதிக்கு அனுப்பிவைக்கப்பட்டார்கள். அது குளக்கட்டுக்குப் பின்புறம், பள்ளத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கட்டின் புல்லும் அதன்மேல் நின்ற மாடுகளும் மட்டும் தெரிந்தன.

"இஞ்சருந்து ஒண்டும் தெரியுதில்லயே சேர்?"

"பலூன் மேலதானே போகும் முதலாளி? எங்கட சபைத் தலைவர், தவிசாளர், உங்களுக்கு முழு வானத்தையும் ஒதுக்கியிருக்கிறார்."

முகைதீன்பாவாவுக்கு மெய் சிலிர்த்தது. பெண்களைப் பார்த்து, "கேட்டயளா? முழு வானமும்" என்றார். ஆனால் சனம் அந்த ஒதுக்கீட்டோடு நிற்கவில்லை. மாடுகளிடம் யாரும் பாஸ் கேட்கவில்லை என்பதைக் கண்டு, மாட்டோடு மாடாகக் குளக்கட்டில் ஏறிவிட்டது. மைமூனாவும் ஸுல்பிகாவும் ஏறினார்கள். முகைதீன்பாவா, யாராவது தடுப்பார்களோ என்று நாலு பக்கமும் பார்த்து, ஒருவரும் தடுக்காததில் சற்று ஏமாற்றத்தோடு, தானும் ஏறினார்.

வற்றிக் கிடந்த குளத்தின் தரையில் வெள்ளைக்காரர் தன் பலூனை விரித்து நெருப்பூதிக்கொண்டிருந்தார். சிவப்பும் மஞ்சளும் வரி வரியாக அது மெல்ல மெல்லப் பொங்கி, புரண்டு, எழும்பி நின்றது. பள்ளிவாசல் கூரையிலுள்ள உருண்டைக் குப்பாவிலும் பெரிது. கட்டின் மேல் நின்ற சனம் மூச்சை விட மறந்தது. முகைதீன்பாவாவின் கண்ணுக்கு அது ஒரே துணியாகத் தெரிந்தது. ஓர் ஊருக்கே சாரன் தைக்கலாம்.

"அல்லாஹ், எவ்வளவு வடிவு!" என்றாள் ஸுல்பிகா.

அந்த நேரம் அழகரெத்தினம் குழலைப் பிடித்துக்கொண்டு ஓடினார். "படுக்கப் போடுங்க! படுக்கப் போடுங்க! தவிசாளர் இன்னும் வரல்ல! அவருக்கு முதல் எழும்பி நிக்கிறது என்ன ஒழுங்கு?"

வெள்ளைக்காரர் வானத்தைக் காட்டினார், மரங்களைக் காட்டினார். இந்த நாட்டுக்கு வந்து அவர் படித்திருந்த ஒரே தமிழ்ச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "காத்து! காத்து!" வெயில் ஏறினால் காற்றும் ஏறும், விடியலில்தான் பலூன் பறக்கும் என்பது அதற்குப் பொருள்.

அழகரெத்தினம் அச்சடித்த நிகழ்ச்சி நிரலை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தார். "இதில பலூன் பறக்கிறது கடைசிக்கு முதல். காத்து எத்தனையாவது எண்டு காட்டச் சொல்லுங்க பாப்பம்."

வெள்ளைக்காரரால் காட்ட முடியவில்லை. பலூன் படுத்தது. பிறகு தூரத்தில் ஜீப் ஒன்று தெரியவே, தவிசாளர் வருகிறார் என்று மறுபடியும் எழுப்பினார்கள். வந்தவை மாலைகள். திரும்பவும் படுக்கப் போட்டார்கள். இரண்டாவது ஜீப்புக்கும் எழுப்பினார்கள். அதில் தவிசாளரின் கதிரை வந்தது. அழகரெத்தினம் கொஞ்சம் தடுமாறினார். கதிரைக்கு எழும்பி நிற்பதா இல்லையா என்பதற்குச் சுற்றறிக்கை எதுவும் இருக்கவில்லை. பாதுகாப்புக்காகப் பலூனைப் பாதியில் நிறுத்திவைக்கச் சொன்னார்.

"என்ட மகனக் காட்டுறன், வாங்க" என்று றாபியா எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனாள். கட்டின் ஓரமாக ஒரு கிடுகுக் கொட்டில். உள்ளே கழுத்துப்பட்டி கட்டிய எழுதுவினைஞர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் வாயிலும் ஒரு றப்பர் பலூன். விளம்பரத்தில் 'நூறு பலூன்கள்' என்று போட்டாகிவிட்டது. வந்தது ஒன்று. மிச்சத்தை ஊழியர்கள் ஊதி நிரப்ப வேண்டும் என்பது தவிசாளரின் கட்டளை.

"அந்தா, நீல நிறத்த ஊதுறவர்" என்றாள் றாபியா. அவளுடைய குரலும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

ஒல்லியான, நல்ல முகவெட்டுள்ள பொடியன். ஆனால் அப்போது முகம் முழுவதும் கன்னமாக இருந்தது. வந்தவர்களைக் கண்டுவிட்டான். நடுவில் விட்டால் காற்று போய்விடும். விடாவிட்டால் மரியாதை போய்விடும். கண்ணை உருட்டிப் புருவத்தாலேயே ஸலாம் சொன்னான். ஊதி முடித்து முடிச்சுப் போட்ட பிறகு வாயாலும் சொன்னான். உதடு மரத்துப்போயிருந்ததால் அதில் பாதிதான் வெளியே வந்தது.

"வ அலைக்கும் ஸலாம், மகன். என்ன பிரிவில இரிக்கிறீங்க?" என்று கேட்டார் முகைதீன்பாவா.

காலிதீன் கையிலிருந்த நீலப் பலூனைப் பார்த்தான். "இண்டைக்கு இதிலதான் மாமா."

திரும்பி நடக்கும்போது மைமூனாதான் பேசினாள். "மூச்சு நல்லா இரிக்கி. நோய் நொடி இல்லாத புள்ள." ஸுல்பிகா முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வந்தாள். சிரிப்பில் தோள் இரண்டும் குலுங்கின.

தவிசாளர் வந்தபோது மரங்கள் ஆடத் தொடங்கியிருந்தன. மங்கள விளக்கை ஏற்றினார், அணைந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி அணைந்தது. கடைசியில் நாலு அதிகாரிகள் தங்கள் கோட்டுகளை விரித்து மறைத்துக்கொண்டு நிற்க, விளக்கு எரிந்ததாக ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. பிறகு தவிசாளர் பேசினார்.

"அன்பார்ந்த பெருமக்களே! சிலர் என்னிடம் கேட்கிறார்கள். சூறாவளியில் போன பள்ளிக்கூடக் கூரையை இன்னும் போடவில்லை, நீர் பலூன் விடுகிறீரே என்று. நான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன். கூரை இருந்தால் பிள்ளைகள் பலூனை எப்படிப் பார்ப்பார்கள்?"

ஊழியர்கள் கைதட்டினார்கள்.

"பாதை கேட்கிறார்கள். பாதை போட்டால் என்ன நடக்கும்? மாடு குறுக்கே வரும். வானத்தில் மாடு குறுக்கே வந்ததாக என் கந்தோருக்கு இதுவரை ஒரு முறைப்பாடும் கிடைக்கவில்லை. இன்னும் சிலர் கேட்கிறார்கள், இத்தனை மாவட்டம் இருக்க ஏன் இந்த மாவட்டத்தைத் தெரிவு செய்தீர்கள் என்று. பெருமக்களே, சூறாவளி நமக்கு ஓர் உண்மையைக் காட்டித் தந்தது. இங்கே எந்தப் பொருளும் நன்றாகப் பறக்கும்!"

முகைதீன்பாவாவின் கடைத் தகரம் அந்தச் சூறாவளியில் இரண்டு தெரு தாண்டிப் போய் ஒரு தென்னையின் தலையில் மாட்டியிருந்தது. அதுவும் அபிவிருத்தியில் சேர்த்திதானோ என்று யோசித்தபடி அவரும் மெதுவாகக் கைதட்டினார்.

பேச்சை மூன்று மொழியிலும் சொல்லி முடித்தபோது, பலூன் தரையில் கிடந்தபடியே மாடு போலத் திமிறியது. வெள்ளைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் குந்திவிட்டார். அழகரெத்தினம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "இன்றைய பலூன் பறப்பு வெற்றிகரமாக நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது!"

ஆறுதலுக்காக றப்பர் பலூன்களை வானில் விடும்படி தவிசாளர் சைகை காட்டினார். ஊழியர்கள் விட்டார்கள். மனித மூச்சு ஊதிய பலூன் எங்கே மேலே போகப் போகிறது? அத்தனையும் தரையில் விழுந்து உருண்டு, நாயுருவியும் முள்ளும் மண்டிய பக்கம் போய், டப் டப்பென்று வெடித்தன. தவிசாளர் கதிரைக்குக் கீழே போய்விட்டார். வெளியே வந்து, வேட்டுச் சத்தத்தோடு விழா தொடங்கியது என்று திருத்திச் சொன்னார்.

அன்றைக்கு எல்லாரும் அக்கரைப்பற்றில் றாபியாவின் வீட்டில் தங்கினார்கள். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு காலிதீன் வந்து சேர்ந்தான். உதடு வீங்கியிருந்ததால் நெய்ச்சோற்றைச் சாப்பிட முடியவில்லை. அறைக்குள்ளிருந்து ஸுல்பிகா ஒரு கோப்பையில் இளநீர் அனுப்பினாள். யார் அனுப்பியது என்று அவன் கேட்கவில்லை. கோப்பையைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

"பாத்தீங்களா?" என்று மைமூனா கணவரின் காதில் சொன்னாள். "நல்ல புள்ளதான். ஆனா அந்தக் கந்தோர்தான்..."

"கவர்மெண்ட் ஆழமா யோசிக்கும் மைமூனா. நமக்கு வெளங்காது" என்றார் முகைதீன்பாவா. ஆனால் அன்றுதான் முதல்முறையாக அவர் அதைத் தனக்கும் சேர்த்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தவிசாளர் விடிய முன்னமே வந்துவிட்டார். சனிக்கிழமைப் பேச்சில் அவருக்கு ஒரு குறை. மேடை உயரம் போதவில்லை. ஆகையால் இன்று பலூனின் கூடைக்குள் நின்றே பேசுவதாக முடிவெடுத்திருந்தார். வெள்ளைக்காரர் நெருப்பூதிப் பலூனை எழுப்பினார். கூடை தரையை விட்டு ஓர் ஆள் உயரம் எழும்பி, ஒரு தடித்த கயிற்றில் மிதந்தது. கயிற்றின் மறுமுனை ஒரு மரக்குற்றியில். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக் காலிதீனுக்குக் கொடுக்கப்பட்டது. 'கயிற்றுப் பொறுப்பதிகாரி (பதில் கடமை)' என்று சட்டையில் ஓர் அட்டையும் குத்தினார்கள். றாபியா கட்டின் மேல் இருந்து அதை எல்லாருக்கும் காட்டினாள்.

ஏணி வைத்துத் தவிசாளரும் கூடைக்குள், வெள்ளைக்காரருக்குப் பக்கத்தில் ஏறினார். மைக்கும் ஒரு நீண்ட வயரும் கூடவே ஏறின. அங்கிருந்து கீழே பார்த்து எல்லாருக்கும் கேட்கக் கட்டளையிட்டார்.

"ஐசே! நான் வலது கையை உயர்த்தியதும் கயிற்றை விட வேண்டும். உடனே விட வேண்டும். ஏன் எதற்கென்று கேட்கக் கூடாது."

"சரி சேர்" என்றான் காலிதீன்.

தவிசாளரின் பேச்சை ஒரு நாள் கேட்டவருக்கே தெரியும், அவருக்கு வலது கை சும்மா இருக்காது. கட்டின் மேலிருந்த சனம் அதை உடனே விளங்கிக்கொண்டு ஆளை ஆள் இடித்துக்கொண்டது.

"பெருமக்களே! எனக்கு முன்னிருந்தவர்கள் மேடையில் நின்று பேசினார்கள். மேடை மரம். மரத்தைக் கறையான் தின்னும். நான் காற்றில் நின்று பேசுகிறேன்! எங்கள் திட்டங்களுக்கு அத்திவாரம் இல்லை என்று எதிரிகள் சொல்கிறார்கள். பலூனுக்கு எதற்கு அத்திவாரம்?" வலது கை மேலே போனது.

காலிதீனின் கை கயிற்றுக்குப் போனது. அவன் அழகரெத்தினத்தைப் பார்த்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். கை திரும்பி வந்தது.

"அபிவிருத்தி என்பது என்ன? கீழே இருப்பவன் அண்ணாந்து பார்ப்பதும், மேலே இருப்பவன் குனிந்து பார்ப்பதும்தான் அபிவிருத்தி!" கை மறுபடியும் மேலே போனது. காலிதீன் மறுபடியும் பார்த்தான். அழகரெத்தினம் இம்முறை இரண்டு கைகளாலும் கும்பிட்டார்.

வெயில் ஏறியது. கட்டின் மேல் புல் அசையத் தொடங்கியது. "காத்து" என்றார் வெள்ளைக்காரர், அழுகிற குரலில். தவிசாளர் முதலாவது தாளைத்தான் புரட்டியிருந்தார்.

அப்போது சனத்துக்குள்ளிருந்து ஸுல்பிகா தன் தாயிடம், தாய்க்கு மட்டும் தேவையானதை விடக் கொஞ்சம் கூடின சத்தத்தில் சொன்னாள். "என்னகா உம்மா, ரெண்டு நாள் வந்தும் இது பறக்கிறதப் பாக்காமலா போகப்போறம்?"

காலிதீன் திரும்பிக் குளக்கட்டைப் பார்த்தான்.

"ஆகவே நாங்கள் உயர்வோம்!" என்று தவிசாளர் வலது கையை வானத்துக்கு நீட்டினார்.

காலிதீன் கயிற்றை விட்டான்.

"உயர்வோம்! மேலும் உயர்வோம்! மேலும் மேலும்... ஐசே, எங்க போகுது இது?"

ஒலிபெருக்கியில் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். வயர் இழுபட்டு அறுந்தது. சிவப்பும் மஞ்சளுமாகப் பலூன் வெயிலில் பளபளத்துக்கொண்டு கட்டுக்கு மேலால், சனத்தின் தலைக்கு நேர் மேலாக எழும்பிப் போயிற்று. வெள்ளைக்காரர் குழந்தை போலக் கைகொட்டிச் சிரித்தார். தவிசாளர் கூடையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். வலது கைக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. கட்டு முழுவதும் எழும்பி நின்று ஆர்ப்பரித்துக் கைதட்டியது. அந்த விழாவில் யாரும் சொல்லாமல் விழுந்த முதல் கைதட்டு அதுதான். முகைதீன்பாவாவும் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவருக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது.

அழகரெத்தினம் ஜீப்புக்கு ஓடினார். சாரதி அசையவில்லை. "பெற்றோல் இல்ல சேர். பெற்றோலுக்குத் தவிசாளர் ஒப்பம் வைக்கணும்." எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒப்பம் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. கிழக்கே கடல்.

கடைசியில் றஸாக்கின் வேன்தான் கிடைத்தது. முன்னால் அழகரெத்தினம். நடுவில் முகைதீன்பாவாவும் காலிதீனும். பின்னால் பெண்கள். பானைகளுக்கு நடுவே தரையில் ஒரு பத்திரிகைப் படப்பிடிப்பாளர். வயல் வரம்புப் பாதையில் வேன் துள்ளியது. பிளாஸ்டிக் உறையில் உதவிப் பணிப்பாளரும் எல்லாரையும் போலவே வழுக்கினார்.

"மகன்," என்றார் முகைதீன்பாவா மெதுவாக. "தெரிஞ்சு விட்டீங்களா, தெரியாம விட்டீங்களா?"

"கையத் தூக்கினா விடு எண்டார் மாமா. தூக்கினார்."

"முதல் ரெண்டு தரமும் தூக்கினாரே? அப்ப விடல்லயே?"

"முதல் ரெண்டு தரமும் பயந்துட்டன்."

பின்சீற்றில் ஒரு சிரிப்பு வெடித்து, முக்காட்டுக்குள் போய் ஒளிந்தது.

"காலிதீன், நல்லாக் கேளும்," என்று அழகரெத்தினம் திரும்பினார். "விசாரணை வரும். காத்து அவிழ்த்ததெண்டு சொல்லும். காத்துக்கு எதிரா நடவடிக்கை எடுக்கேலாது. அது நிரந்தர ஊழியர் இல்ல. நீர் விட்டதெண்டு தெரிஞ்சா உம்மட வேலை போகும்."

முகைதீன்பாவாவுக்குப் பென்சன் கண்முன்னே எழும்பிக் கடலை நோக்கிப் பறப்பது போல இருந்தது. "வேல போனா என்ன மகன் செய்வீங்க?"

"மாமா, ஒண்டு சொல்லணும். உம்மா சொல்லியிருக்கமாட்டா."

"வாய மூடு மனே!" என்றாள் றாபியா.

"இந்தக் கந்தோர் தொடங்கின நாள் தொட்டு நான் இரிக்கன். எனக்கு என்ன வேல எண்டு இதுவரைக்கும் ஆரும் சொல்லல்ல. காலையில போறன், பின்னேரம் வாறன். இண்டைக்கு அந்தக் கயித்த விட்டன் பாருங்க, அது ஒண்டுதான் மாமா நான் செஞ்ச வேல."

அழகரெத்தினம் கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு, "எனக்கும் அப்பிடித்தான் தம்பி" என்றார், குழல் இல்லாமல்.

ஆலையடிவேம்புப் பக்கத்து வயல்வெளியில், கடல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு முன்னால், வெள்ளைக்காரர் பலூனை இறக்கினார். அறுவடை முடிந்து சூடடிக்கிற களம். கூடை அரிதாளில் இழுபட்டுக் கவிழ்ந்து வைக்கோல் குவியலில் முட்டி நின்றது. வைக்கோலுக்குள் இருந்து தவிசாளர் ஒரு சப்பாத்தோடு எழும்பினார். நெல் தூற்றிக்கொண்டு நின்ற வேலையாட்களைக் கண்டதும் சட்டையைத் தட்டிவிட்டு, "பெருமக்களே!" என்று தொடங்கினார்.

"ஐயா, கொஞ்சம் அங்கால நில்லுங்க. மிசின் கிறுகி வருது" என்றார் களத்துக்காரரான குணம். சூடு மிதித்துக்கொண்டு உழவு மிசின் சுற்றித் திரும்பி வந்தது. தவிசாளர் அங்கால நின்றார்.

வேன் வந்து நின்றதும் அவருடைய முகம் சிவந்தது. "கயிற்றை விட்டது யார்?"

"காத்து, காத்து" என்று அழகரெத்தினம் பின்னாலிருந்து முணுமுணுத்தார். வெள்ளைக்காரரும் தன் சொல் கேட்ட சந்தோசத்தில் "காத்து!" என்றார்.

காலிதீன் முன்னுக்கு வந்தான். அட்டை இன்னும் சட்டையில் இருந்தது. "நான்தான் சேர் விட்டன்."

முகைதீன்பாவா கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் போயிற்று. ஆனால் கண்ணைத் திறந்தபோது, கவலை இருக்க வேண்டிய இடத்தில் அது இருக்கவில்லை. அந்த ஒல்லிப் பொடியன் நேரே நிமிர்ந்து நின்ற நிற்பு அவருக்குப் பிடித்துவிட்டது. தபால்காரருக்கு எழும்பி நின்று பழகிய இத்தனை வருடத்தில் ஓர் அதிகாரிக்கு முன்னால் அப்படி யாரும் நின்று அவர் பார்த்ததில்லை.

"இப்பதான் எனக்கு மாப்புளயப் புடிச்சிரிக்கி" என்றாள் மைமூனா பக்கத்தில்.

"எனக்கும்தான்" என்றார் முகைதீன்பாவா. "வேல இல்லாட்டியும் பறவால்ல."

ஸுல்பிகா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது சம்மதம். பிடிக்காததென்றால் தெருவுக்கே கேட்கும்.

தவிசாளர் வாயைத் திறந்தார். அந்த நேரம் படப்பிடிப்பாளர் கமெராவைத் தூக்கி, "சேர், பேப்பருக்கு என்னண்டு எழுத? தவறிப் பறந்ததெண்டா, துணிஞ்சு பறந்ததெண்டா?" என்று கேட்டார்.

தவிசாளர் திறந்த வாயை மூடினார். பிறகு காலிதீனின் தோளில் கையைப் போட்டார். "துணிந்து! இந்த மாவட்டத்தின் முதல் வான்பயணம்! நான் கை உயர்த்தினேன், என் ஊழியர் கணமும் தாமதிக்கவில்லை. இவரைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். இன்று முதல் இவர் வான்பறப்புப் பிரிவின் பொறுப்பதிகாரி!" கமெரா மின்னியது.

வெள்ளைக்காரர் அந்தக் கிழமையே பலூனைச் சுருட்டிக்கொண்டு ஊர் போய்விட்டார். ஆகவே வான்பறப்புப் பிரிவுக்கு ஒரு மேசையும், ஒரு பொறுப்பதிகாரியும், கூடின சம்பளமும் இருந்தன. பறக்க ஒன்றும் இருக்கவில்லை. காலிதீன் காலையில் போய்க் கந்தோரைத் திறந்து பார்த்துவிட்டு, பின்னேரங்களில் கல்முனைக்கு வந்து வருங்கால மாமனாரின் கடையில் சாரன் மடித்தான். அங்கே நாலு பேராவது கேட்டு வந்தார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ் நடந்தது. ஒரு பெரிய தாலத்தைச் சுற்றி ஆறு பேராகக் குந்தி ஒன்றாகச் சாப்பிடுகிற சஹன் விருந்து. சோறும் இறைச்சியும் ஆவி பறக்க வந்து இறங்கின. சனம் கையைக் கழுவிவிட்டு, பிஸ்மி சொல்லத் தயாராக இருந்த நேரம், வாசலில் தவிசாளர் ஜீப்பால் இறங்கினார். கூட அழகரெத்தினம். தவிசாளர் நேரே பந்தல் நடுவுக்கு வந்து, தொண்டையைச் செருமி, சட்டைப் பையில் இருந்து தாள்களை எடுத்தார்.

"மணமக்களை வாழ்த்தி ஒரேயொரு வார்த்தை..."

தாள்கள் தடிப்பாக இருந்தன. வலது கையும் புறப்பட்டது. பந்தல் முழுவதும் முகைதீன்பாவாவைப் பார்த்தது.

முகைதீன்பாவா எழும்பினார். வழக்கம்போல மரியாதைக்கு எழும்புகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் போய், உயர்ந்துகொண்டிருந்த கையை மெதுவாகப் பிடித்து இறக்கினார்.

"சேர், சோறு ஆறுது. குந்துங்க."

வாழ்க்கையில் அப்படி ஒருவரும் தவிசாளரிடம் சொன்னதில்லை. தவிசாளர் உதவிக்கு அழகரெத்தினத்தைத் தேடினார். அவர் ஏற்கனவே ஒரு தாலத்தில் இடம் பிடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். தவிசாளர் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். சப்பாத்தைக் கழற்றினார். குணத்துக்கும் றஸாக்குக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் முழங்காலை மடக்கிக் குந்தினார்.

பிறகு பார்த்தால், மனிதருக்கு நல்ல பசி.